சித்தி கிடைத்தபின் உங்கள் நாயகன் எதை இழக்கிறான்?

கேள்வி: சித்தர் மரபை வைத்து ஒரு மாயப்புனைவு நாவல் எழுதுகிறேன். காலம் சோழர் காலம். நாயகன் திருவண்ணாமலையில் ஒரு குருவிடம் யோகம் பயின்று அட்டமா சித்திகள் என்னும் எட்டு அபூர்வ ஆற்றல்களையும் பெறுகிறான். அதே சித்திகளைத் தவறாகப் பயன்படுத்தும் ஒரு கூட்டத்தோடு மோதுகிறான். படித்துப் பார்த்தவர்கள், "குரு பேசுவது சொற்பொழிவு மாதிரி இருக்கிறது, சண்டை வீடியோ கேம் மாதிரி இருக்கிறது, இரண்டும் ஒட்டவில்லை" என்கிறார்கள். எங்கே திருத்துவது? உண்மையான கோயிலையும் மந்திரத்தையும் கதைக்குள் கொண்டுவரலாமா?

பதில்: உங்கள் கதையில் தவம் சக்திக்கு ஏணியாக நிற்கிறது. ஏறி முடித்ததும் ஏணிக்கு வேலையில்லை. அதனால்தான் முன்பாதி ஆன்மிகமாகவும் பின்பாதி அடிதடியாகவும் பிரிந்துபோகிறது. மரபு சொல்வது வேறு. பதஞ்சலியின் யோகசூத்திரத்தில் மூன்றாம் பாதம், அதாவது மூன்றாம் அத்தியாயம், சித்திகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய், நடுவில், இவை வெளியே திரும்பிய மனத்துக்குச் சித்தி, மனம் முழுதாக ஒடுங்கும் சமாதி நிலைக்கோ இடையூறு என்கிறது. தாயுமானவர் இன்னும் நேராகச் சொல்கிறார்: மதயானையை வசப்படுத்தலாம், புலியின் வாயைக் கட்டலாம், நீர்மேல் நடக்கலாம், வேறு உடலில் புகலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது.

இதையே நாவலின் சட்டமாக வையுங்கள்: சித்தியை ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் நாயகன் தான் தேடிவந்ததிலிருந்து ஓர் அடி விலகுகிறான். எடுக்காவிட்டால் யாரோ சாகிறார்கள். இந்த இழுபறி வந்துவிட்டால் சண்டையே ஆன்மிகக் காட்சியாகிவிடும். தனியாக உபதேசம் வைக்கத் தேவையிருக்காது.

அடுத்து, எட்டுச் சித்திகளையும் ஒருவனுக்கே கொடுக்காதீர்கள். அணிமா, மகிமா, கரிமா, இலகிமா, பிராத்தி, பிராகாமியம், ஈசத்துவம், வசித்துவம் என்று எட்டும் கைவசம் இருப்பவனுக்கு எதிரியே கிடையாது. குறிப்பாக வசித்துவம், அதாவது எவரையும் தன்வயப்படுத்துவது, கதையைக் கொன்றுவிடும். எதிரியை ஒரு பார்வையில் பணியவைக்க முடிந்தவன் எதற்காக வாள் எடுக்கிறான் என்று வாசகர் கேட்பார். நாயகனுக்கு இரண்டு போதும். உடலை இலேசாக்கும் இலகிமா ஒன்று. கூடுவிட்டுக் கூடு பாய்தல் இன்னொன்று. வசித்துவத்தை எதிரியிடம் விட்டுவிடுங்கள்.

இலகிமாவுக்கு எல்லை வேண்டும். அந்த அளவுகோல் திருமூலரின் திருமந்திரத்திலேயே இருக்கிறது. அந்நூலின் மூன்றாம் தந்திரத்தில் (மூன்றாம் பாகத்தில்) வரும் பிராணாயாமப் பகுதி கணக்கோடு பேசுகிறது: இடது நாசியில் பூரகம் (மூச்சை இழுப்பது) 16 மாத்திரை, கும்பகம் (உள்ளே கட்டுவது) 64, ரேசகம் (வெளிவிடுவது) 32. மாத்திரை என்பது கண் இமைக்கும் அல்லது கை நொடிக்கும் நேரம். கும்பகம் நிற்கும் 64 மாத்திரைவரைதான் உடல் இலேசாக இருக்கும் என்று உங்கள் கதைக்கு ஒரு விதி போடுங்கள். விதி உங்களுடையது, எண் மரபுடையது. இப்போது சண்டைக்கு ஒரு கடிகாரம் கிடைத்துவிட்டது. எதிரிக்கும் ஒரு குறி கிடைத்துவிட்டது: வயிற்றிலோ விலாவிலோ அடித்து மூச்சைக் கலைத்தால் போதும்.

"இலகிமா சித்தியால் காற்றில் பறந்து பத்துப் பேரையும் வீழ்த்தினான்" என்ற வாக்கியத்தில் வாசகருக்குப் பதறுவதற்கு ஒன்றுமில்லை. அதே காட்சியை இப்படி எழுதிப் பாருங்கள்: "இடது நாசியில் இழுத்தான். பதினாறு. கட்டினான். மதிலின் விளிம்பு காலடியில் நழுவியது. முப்பது எண்ணுவதற்குள் முதல் இருவரையும் கடந்துவிட்டான். நாற்பத்தொன்றில் கம்பு விலாவில் இறங்கியது. மூச்சு தெறித்து வெளியேற, உடம்பின் எடை மொத்தமும் ஒரே நொடியில் திரும்பி வந்தது." இங்கே குரு சொல்லிக்கொடுத்த மூச்சுக் கணக்கு உயிர் பிழைக்கும் கணக்காகிவிட்டது. எண்ணைக் காட்சி முழுக்க ஓட்டாதீர்கள். மூன்று இடங்களில் சொன்னால் போதும், மீதியை வாசகரே எண்ணிக்கொள்வார்.

கூடுவிட்டுக் கூடு பாய்தலுக்கு இரண்டு பழங்கதைகளை அருகே வைத்துக்கொள்ளுங்கள். பெரியபுராணத்தில், சாத்தனூரில் மூலன் என்ற இடையர் இறந்துகிடக்க, பசுக்கள் சுற்றி நின்று கதறுகின்றன. பின்னால் திருமூலர் என்று பெயர்பெற்ற சிவயோகியார் தம் உடலை மறைவாக வைத்துவிட்டு மூலன் உடலில் புகுகிறார். மாலையில் பசுக்கள் வீடு திரும்புகின்றன. மூலனின் மனைவி தன் கணவன் என்று நெருங்கிவருகிறாள். அவர் தீண்ட விடவில்லை. திரும்பிப்போய்ப் பார்த்தால் தம் உடலைக் காணவில்லை. அருணகிரிநாதரைப் பற்றிய செவிவழிக் கதையில், பாரிசாத மலர் கொண்டுவர அவர் கிளியின் உடலில் புகுந்து போயிருந்தபோது இங்கே அவர் உடலை எரித்துவிடுகிறார்கள். திருவண்ணாமலையின் கிளிக்கோபுரத்தோடு இன்றும் சேர்த்துச் சொல்லப்படும் கதை அது.

இரண்டு கதையிலும் ஆபத்து ஒரே இடத்தில் இருக்கிறது: விட்டுவந்த உடல். ஆகவே பாயும் காட்சிக்கு முன் நீங்கள் மூன்று கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். உடல் எங்கே கிடக்கிறது, யார் காவல், எவ்வளவு நேரம் தாங்கும். நான்காவது கேள்வியைப் பெரும்பாலான எழுத்தாளர்கள் தவறவிடுகிறார்கள்: புகுந்த உடலின் வீட்டார் யார்? மூலனின் மனைவி நிற்கும் அந்த வாசற்படி, எந்தப் போர்க்களத்தையும்விடக் கனமானது. எதிரிக் கூட்டத்து வீரன் ஒருவனின் உடலில் உங்கள் நாயகன் புகுந்தால், அவனைத் தேடி அவன் தாய் வரட்டும்.

சொற்பொழிவுச் சிக்கல் இதற்குப் பிறகு பாதியாகக் குறையும். மீதிக்கு ஒரு வழி: குரு ஒரு காட்சியில் ஒரு விஷயம் மட்டும் சொல்லட்டும், அதுவும் வேலையாக. "தண்ணீருக்குள் அமர்ந்து எண்ணு" என்று சொன்னாலே போதும், கும்பகத்தின் பெருமையை அவர் பேச வேண்டியதில்லை. சொன்னது பின்னால் ஒரு மோதலில் பயன்படாவிட்டால் அந்த வசனத்தை வெட்டிவிடுங்கள். விலையையும் காட்ட மறக்காதீர்கள். சண்டை முடிந்த இரவு அவன் தியானத்தில் அமர்கிறான். முன்பு எளிதாக ஒடுங்கிய மனம் இப்போது விழுந்தவர்களின் முகங்களை வரிசையாகக் கொண்டுவருகிறது. அடுத்த அத்தியாயத்தில் அவனது கும்பகம் 64-ஐத் தொடவில்லை, 50-இலேயே உடைகிறது. விளக்கம் எதுவும் எழுத வேண்டாம். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் இந்த எண்ணைத் தனித்தாளில் குறித்துவாருங்கள்; குறிக்காவிட்டால் பத்தாம் அத்தியாயத்தில் நீங்களே மறந்துவிடுவீர்கள்.

எதிரியைப் பற்றி ஒன்று. சைவத்தில் கடவுளுக்கு நிகராக நிற்கும் தீய சக்தி என்று எதுவும் கிடையாது. ஆணவம், கன்மம், மாயை என்று உயிரைக் கட்டிவைக்கும் மும்மலம் நாயகனுக்கும் உண்டு, எதிரிக்கும் உண்டு. சூரபத்மன்கூட வேள்வி செய்து சிவனிடமே வரம் பெற்றவன்: 1008 அண்டங்கள், 108 யுகங்கள். கடைசியில் மாமரமாக நின்றவனை வேல் பிளக்கிறது. இரு கூறும் சேவலும் மயிலுமாகி, கொடியாகவும் வாகனமாகவும் முருகனிடமே சேர்கின்றன. இப்படித் தண்டித்து ஆட்கொள்வதை மறக்கருணை என்பார்கள். உங்கள் எதிரிக் கூட்டத்தின் தலைவனும் உண்மையான தவசியாக இருக்கட்டும். உச்சக்கட்டத்தில் அவன் தலை உருண்டால் கதை வெறும் பழிவாங்கலில் முடிந்துவிடும். அவன் எதுவாக மாறுகிறான் என்பதை யோசியுங்கள்.

கோயிலைத் தாராளமாகக் கொண்டுவரலாம், காலம் பிசகாமல். திருவண்ணாமலையின் 217 அடி, 11 நிலை ராஜகோபுரத்தின் உச்சியில் சோழர் காலச் சண்டை நடக்க முடியாது. அது கிருஷ்ணதேவராயர் தொடங்கி, தஞ்சை சேவப்ப நாயக்கர் முடித்த 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம். ஆயிரங்கால் மண்டபமும் விஜயநகர காலத்தது. அருணகிரியாரும் 15ஆம் நூற்றாண்டுக்காரர், ஆகவே உங்கள் பாத்திரங்கள் அவர் கதையைப் பேசக்கூடாது. மலை எப்போதும் இருந்தது, துரத்தலை அங்கே வையுங்கள். கிரிவலம் 14 கிலோமீட்டர். எட்டுத் திசைக்கு எட்டு லிங்கம். நாயகன் வலமாக மட்டுமே போவான், எதிரி இடமாக வருவான் என்று வைத்தால் இருவரும் எங்கே சந்திப்பார்கள் என்பது வாசகருக்கு முன்கூட்டியே தெரியும். படபடப்பு அங்கேதான் பிறக்கும்.

கருவறைக்குள் சண்டை வேண்டாம். பிராகாரத்தில் நடந்தாலும் ரத்தம் சிந்தினால் நடை சாத்த வேண்டும், பிராயச்சித்தமும், புனிதநீர் தெளித்துத் தூய்மை செய்யும் சம்ப்ரோட்சணமும் முடிந்தபிறகே பூஜை தொடரும். இதைத் தடையாக நினைக்காமல் விளைவாக எழுதுங்கள்: உங்கள் நாயகனால் ஊர்க்கோயிலில் பூஜை நின்றுபோகிறது, மக்கள் முகம் திருப்பிக்கொள்கிறார்கள்.

மந்திரத்தில் ஐந்தெழுத்து எல்லோரும் சொல்வது, அப்படியே எழுதலாம். குருமுகமாக மட்டும் பெறும் தீட்சை மந்திரங்களையும் பீஜங்களையும் (விதை எழுத்துகளையும்) அச்சில் போடாதீர்கள். தெரியாமல் பிழையாக எழுதினால் தெரிந்தவர் புத்தகத்தை மூடிவிடுவார், சரியாக எழுதினால் மனம் புண்படுவார். உதடு அசைவதையும், எண்ணிக்கை பிசகுவதையும், தொண்டை வறள்வதையும் எழுதினால் காட்சிக்கு அது போதும்.

திருத்தத்தை முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்காமல், கூடு பாயும் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே விட்டுவந்த உடலுக்குக் காவலாக யாரை வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, முன்னால் குரு அவனுக்கு என்ன சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.