தலையிடி என்று சொல்லப்படுவது

தஞ்சம் கோருவோரை முகாம் வாழ்க்கை எப்படிப் பாதிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஜேர்மனியில், நாங்கள் ‘ஹைம்’ என்று அழைத்த அகதி விடுதியொன்றில் 1994 முதல் மூன்று ஆண்டுகள் இருந்தேன்; இப்போது புதிதாக வரும் நம்மவர்களுக்கு மருத்துவர்களிடம் மொழிபெயர்த்து உதவுகிறேன்.

ஓர் அறையில் நால்வர் இருந்தோம். தஞ்சம் கோருவோருக்கென 1993இல் தனியாக இயற்றப்பட்ட உதவிச் சட்டத்தின்படி உணவு பொதிகளாக வந்தது. கைச்செலவுக்கு, அப்போதைய ஜேர்மன் நாணயத்தில், மாதம் 80 மார்க். (அச்சட்டத்தின் தொகைகள் மனித கண்ணியத்துக்குப் போதாதவை என்று அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்ல 2012 ஆகிவிட்டது.) அனுமதியின்றி வேலை செய்ய முடியாது, மாவட்ட எல்லையைத் தாண்டவும் முடியாது. பொதியில் வந்ததைச் சமைப்பது சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால், இன்று என்ன கறி என்பதைக்கூடத் தீர்மானிக்க முடியாதவனுக்கு, நாளையைப் பற்றித் தீர்மானிக்கும் பழக்கமே மெல்ல விட்டுப்போகிறது.

அதைவிடக் கொடியது காத்திருப்பு. நிராகரிப்பு தபாலில் வரும் என்பதால், தபாற்காரர் வந்து போகும்வரை எவரும் வாய்விட்டுப் பேசமாட்டோம். திருப்பி அனுப்பப்படுவோரை விடியற்காலையில் வந்து ஏற்றிச்சென்றார்கள். அதன்பின் அந்த நடைக்கூடத்தில் இருந்த எவருக்கும் விடியும்வரை நித்திரை வருவதில்லை. போரில் பட்டதை ஓரளவு தாங்கிக்கொண்டவர்கள்கூட இந்த விடுதியில் உடைந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

நம்மவர்கள் மருத்துவரிடம் ‘மனம் சரியில்லை’ என்று சொல்வதில்லை. தலையிடி, நெஞ்சடைப்பு, பசியில்லை என்றே சொல்கிறார்கள். அந்த உதவிச் சட்டமோ முதல் 36 மாதங்களுக்குப் பெரும்பாலும் திடீரென வரும் நோய்க்கும் வலிக்கும் மட்டுமே சிகிச்சையை உறுதிசெய்கிறது. உளவளச் சிகிச்சைக்குத் தனியாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். எனவே தலையிடிக்கு மாத்திரை உடனே கிடைக்கிறது, அதன் காரணம் அப்படியே இருக்கிறது.

அண்மையில் ஓர் இளைஞரிடம், தலையிடி எப்போது தொடங்கியது என்று மருத்துவர் கேட்டார். “பக்கத்து அறைப் பெடியனை ஏற்றிக்கொண்டு போன நாளில இருந்து” என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகுதான் நித்திரையைப் பற்றியும் கனவுகளைப் பற்றியும் கேள்விகள் வந்தன, விண்ணப்பத்துக்கான கடிதமும் எழுதப்பட்டது. உங்கள் உறவினர் எவரேனும் முகாமில் இருந்தால், வலி எங்கே என்பதோடு, அது எந்த நாளில் தொடங்கியது என்பதையும் மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.