ஸ்பார்க் பிளக்குக்கு எதற்குத் தனி அறை?

கேள்வி: சில பெட்ரோல் இன்ஜின்களில் ஸ்பார்க் பிளக்கைச் சுற்றி 'ப்ரீ சேம்பர்' என்று ஒரு குட்டி அறை வைக்கிறார்களே, அதனால் என்ன லாபம்?

பதில்: சாதாரண இன்ஜினில் பிளக் முனையில் ஒரு பொறி, அங்கிருந்துதான் தீ மெல்லப் பரவ வேண்டும். ப்ரீ சேம்பரில் பொறி அந்தக் குட்டி அறைக்குள் விழுகிறது, உள்ளே அழுத்தம் சட்டென்று ஏற, சிறு துளைகள் வழியாகச் சூடான தாரைகள் சிலிண்டருக்குள் பாய்ந்து ஒரே நேரத்தில் பல இடங்களில் கலவையைப் பற்றவைக்கின்றன. எரிவது சீக்கிரம் முடிவதால் நாக்கிங் (தீ வந்து சேருமுன் மீதிக் கலவை தானாகவே வெடித்து இன்ஜின் தட்டுவது) குறைகிறது, அதனால் கம்ப்ரஷன் ரேஷியோவை, அதாவது எரியுமுன் கலவையை அழுத்தும் விகிதத்தை, கூட்டலாம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான். அறைக்குள் தனியாகக் கொஞ்சம் எரிபொருள் செலுத்தினால், சிலிண்டரில் காற்று அதிகமான மெலிந்த கலவையைக்கூட எரிக்க முடியும்.

யோசனை புதிதல்ல. 1970களிலேயே ஹோண்டாவின் சிவிசிசி இன்ஜின், துணை அறையில் பெட்ரோல் கூடிய கலவையைப் பற்றவைத்து, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாமலே அமெரிக்காவின் அன்றைய புகை விதிகளை நிறைவேற்றியது.

சரி, சிக்கல் இல்லையா? உண்டு. இன்ஜினின் லோடு (அதற்குத் தரும் வேலை) குறைவாக இருக்கும்போது எரிந்த வாயு அறைக்குள்ளேயே தங்கி, பொறி சரியாகப் பிடிக்காது. 2020இல் அறிமுகமான மசராட்டி நெட்டுனோ இன்ஜினில் அதற்காகவே ஒவ்வொரு சிலிண்டரிலும் பக்கவாட்டில் இன்னொரு சாதாரண பிளக் இருக்கிறது.