பேக்கேஜ் வடிவம்: கேள்விகளுக்கு ஏற்காட்டிலிருந்து பதில்

சேலத்தில் மாணவர்கள் சிலர் பள்ளிக் கணினிகளுக்காக ஒரு லினக்ஸ் இயங்குதளம் கட்டுகிறார்கள். அதற்கு மென்பொருளைக் கட்டி அனுப்பி நிறுவ, சொந்தமாக ஒரு பேக்கேஜ் வடிவமும் வேண்டுமாம். நான் பல வருடமாக டெப், அதாவது டெபியன் லினக்ஸின் பேக்கேஜ், கட்டித் தருகிறவன் என்பதால் வந்த கேள்விகளை எல்லாம் என் தலையில் கட்டிவிட்டார்கள். மலையில் மழை, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, அதனால் பிடித்த கேள்விக்கு மட்டும்தான் நீளமான பதில். கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

சூரமங்கலம்: எல்லாவற்றையும் ஒரு ஜிப்பில் போட்டால் போதாதா?

ஜிப்பின் பட்டியல் கோப்பின் வாலில் இருக்கிறது, கடைசி பைட் இறங்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கோப்பு யாருடையது, என்ன அனுமதி என்பதெல்லாம் டாரில் (கோப்புகளை வரிசையாகக் கட்டும் பழைய யூனிக்ஸ் மூட்டை) இயல்பாக வரும், ஜிப்பில் ஒட்டுப்போட்டுத்தான் வரும். ஆனால் சுருக்கிய டாரிலும் தொல்லை உண்டு, நடுவில் கிடக்கும் ஒரு கோப்புக்காக முதலிலிருந்து பிரித்துக்கொண்டே போக வேண்டும். டெபியன்காரர்கள் இதை அழகாகச் சமாளித்தார்கள். டெப் என்பது ‘ஏஆர்’ என்ற பழைய பெட்டி. அதற்குள் முதலில் 2.0 என்று மட்டும் எழுதிய குட்டிக் கோப்பு, அடுத்து பெயர், பதிப்பு, என்னென்ன தேவை என்பதெல்லாம் இருக்கும் சின்ன டார், கடைசியில்தான் பெரிய டார். ஜவ்வரிசி மூட்டையைப் பிரிக்காமல் குத்தூசி போட்டுப் பார்ப்பது மாதிரி, முன்பக்கம் கொஞ்சம் படித்தாலே சங்கதி தெரிந்துவிடும். உங்கள் வடிவத்திலும் விவரம் முன்னால், சரக்கு பின்னால் இருக்கட்டும். நிறுவும்போதோ நீக்கும்போதோ ஓடும் ஸ்கிரிப்டை மட்டும் உள்ளே வைக்காதீர்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

அஸ்தம்பட்டி: ஆண்ட்ராய்டு ஏபிகே ஜிப்தானே, அது ஓடவில்லையா?

ஓடுகிறது. அங்கே ஒவ்வொரு ஆப்பும் தன் அறைக்குள் அடைந்து கிடக்கிறது, இங்கே எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

மேட்டூர்: 1.9 பெரிதா 1.10 பெரிதா?

1.10தான். துண்டு துண்டாக எண்ணாகப் பாருங்கள், எழுத்தாகப் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். சோதனைப் பதிப்புக்கு டெபியன் மாதிரி அலைக்குறி வையுங்கள், 1.0~பீட்டா என்பது 1.0க்கு முன்னால் நிற்கும்.

நாகலூர்: நிறுவும்போது கரண்ட் போனால்?

நம்ம ஊர்க் கேள்வி! புதுக் கோப்பை வேறு பெயரில் எழுதி, வட்டில் நிஜமாகவே இறங்கியதை உறுதி செய்து, பிறகு பெயரை மாற்ற வேண்டும். டெபியனின் நிறுவும் கருவியான டிபிகேஜி அப்படித்தான் செய்கிறது. பெயர் மாற்றம் ஒரே நொடியில் நடந்தது அல்லது நடக்கவில்லை, நடுநிலை கிடையாது. ஆனால் பாதியில் நின்ற ஸ்கிரிப்ட் எதுவரை ஓடியது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். மறுபடியும் சொல்கிறேன், ஸ்கிரிப்ட் வேண்டாம்.

ஆத்தூர்: சர்வர் வேலை பார்க்கிறவன் நான். ஸ்கிரிப்ட் இல்லாமல் டேட்டாபேஸுக்கு யூசரை யார் உருவாக்குவது, உங்கள் தாத்தாவா?

தாத்தா வேண்டாம் அண்ணே, ஒரு வரி போதும். ‘இந்தப் பெயரில் யூசர் வேண்டும்’ என்று பேக்கேஜ் சொல்லட்டும், இயங்குதளம் உருவாக்கும். பல லினக்ஸ்களில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியில் சிஸ்யூசர்ஸ் என்ற கருவி இதற்காகவே இருக்கிறது. எழுத்துரு அட்டவணையைப் புதுப்பிப்பதும் அப்படித்தான், பத்து பேக்கேஜ் வந்தாலும் கடைசியில் ஒரே தடவை. 2011இல் பம்பிள்பீ என்ற மென்பொருளின் நிறுவல் ஸ்கிரிப்டில், அழிக்க வேண்டிய பாதைக்கு நடுவே ஒரு இடைவெளி தவறி விழுந்து, பெரும்பாலான நிரல்கள் இருக்கும் யூஎஸ்ஆர் அடைவே மொத்தமாகப் போனது.

ஆத்தூர்: அது எழுதியவன் தப்பு. கத்தி குத்தினால் கத்தியையா திட்டுவீர்கள்?

எழுதியவன் தப்புதான், நானும் எழுதியிருக்கிறேன். என் நீக்கும் ஸ்கிரிப்டில் ஒரு மாறி காலியாக இருந்து, ஒரு சனிக்கிழமை முழுக்க பேக்கப்பைத் தேடி அலைந்தேன். ஆயிரம் பேர் எழுதியது எதையும் அழிக்கக்கூடிய ரூட் உரிமையோடு ஓடும்போது ஒருத்தர் கண்ணயர்ந்தால் போதும், அதுதான் என் சண்டை.

சூரமங்கலம்: ஆனால் ஜிப்பிலேயே…

மேலே படியுங்கள்.

அம்மாபேட்டை: என் போனில் ஆப் இன்ஸ்டால் ஆகவில்லை சார்.

ஐந்து ரோட்டில் நிறைய மொபைல் கடை இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டை: பேக்கேஜ் அசல்தான் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்தை எங்கே போடுவது?

ரெட் ஹாட், ஃபெடோரா பக்கத்து வடிவமான ஆர்பிஎம் ஒவ்வொரு பேக்கேஜுக்குள்ளும் போடுகிறது. டெபியன், பேக்கேஜ்கள் இருக்கும் களஞ்சியத்தின் தலைப்பட்டியலில் போடுகிறது, அது உறுதி செய்யும் உட்பட்டியலில் ஒவ்வொரு பேக்கேஜின் ஹாஷும், அதாவது கைரேகை மாதிரியான எண்ணும், இருக்கும். பென்டிரைவில் பள்ளி பள்ளியாகக் கொண்டு போவீர்களென்றால் உள்ளேயே போடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை: அப்படியானால் ஜிப்…

இல்லை.

ஆத்தூர்: கணினியை எழுப்பிவிடும் பூட்லோடர்? அதையும் ஒரு வரியில் சொல்வீர்களா?

இதில் நீங்கள் பாதி சரி. ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு மாதிரி, அறிவிப்பாகச் சொல்லிமுடிக்க முடியாது. ஆனால் அந்த ஸ்கிரிப்டும் இயங்குதளத்தில் ஒரே ஒரு இடத்தில் இருக்கட்டும், பேக்கேஜுக்குள் வேண்டாம். இன்னும் நம்பவில்லையென்றால் உங்கள் ஸ்கிரிப்ட்களை பிரின்ட் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஒண்டிக்கடைக்கு வாருங்கள், வரிவரியாகப் பார்க்கலாம். ஒரே ஒரு வரி தவிர்க்க முடியாதது என்று காட்டினால் காபி என் செலவு, தட்டுவடை செட்டை நீங்கள் கீழேயிருந்து வாங்கி வந்துவிடுங்கள்.