கொடநாடு முனை: மேலே பாறை, கீழே மாயாறு (கேள்வி பதில்)

கோத்தகிரியிலிருந்து கிழக்கே சுமார் 18 கி.மீ. போனால் தேயிலைத் தோட்டம் முடிகிற இடத்தில் மலையும் முடிந்துவிடுகிறது. அந்த முனையைப் பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் இங்கே.

ஈரோட்டு மாணவி: சார், அந்த மலை ஏன் திடீர்னு வெட்டி விட்ட மாதிரி முடியுது? எரிமலையா?

எரிமலை இல்லைம்மா. நீலகிரி பெரும்பாலும் சார்னோக்கைட் என்கிற கடினமான பாறை. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. சென்னையில் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கம் இருப்பதும் இதே வகைதான். மாயாறு ஓடும் கோட்டில் பூமியின் ஓடு பிளந்து நகர்ந்திருக்கிறது. பிளவுக்குத் தெற்கே நீலகிரி உயர்ந்து நின்றது, வடக்கே மைசூர் மேட்டுநிலம் தாழ்வாகவே தங்கியது. நொறுங்கிப்போன பிளவில் ஆறு வழி பிடித்துக்கொண்டது. முனையில் நிற்கும் உங்களுக்கும் கீழே தெங்குமரஹடா வயல்களுக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயர வித்தியாசம்.

இந்தப் பாறை வெங்காயத் தோல் போல ஏடு ஏடாக உரிகிற ஜாதி. அதனால் விளிம்பு கத்தியால் வெட்டியது போல இருக்காது, யானை முதுகு மாதிரி வளைந்து வளைந்து இறங்கும். எந்த அடியில் சரிவு மீறிப்போகிறது என்று காலுக்குத் தெரியாது. மேலே படர்ந்திருக்கும் பாசி காய்ந்திருக்கும்போது சொரசொரப்பாக இருக்கும், பனி பட்டால் வழுக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் படம் எடுக்கிறவர்கள் ஏமாறுவது இதில்தான். தயவுசெய்து போகாதீர்கள்.

திருப்பூர் வாசகர்: ரெண்டு தடவை போனேன், ரெண்டு தடவையும் வெறும் பனிமூட்டம். எப்ப போகணும்?

மதியம் போயிருப்பீர்கள். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சரிவில் ஏறி, விளிம்பில் குளிர்ந்து மேகமாகிவிடும். காலை 8 முதல் 11 வரை நல்ல நேரம். தென்மேற்குப் பருவமழையைத் தொட்டபெட்டா (2,637 மீ.) வரிசை பெரும்பாலும் மறித்துவிடும். இந்தப் பக்கத்துக்குப் பெருமழை அக்டோபர், நவம்பரில்தான். ஜனவரியில் வானம் கழுவிவிட்டது போல இருக்கும். வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் எடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கோவை, பறவை பார்ப்பவர்: அண்ணா, அங்கே பாறு, அதான் பிணந்தின்னிக் கழுகு, தெரியும்னு சொல்றாங்க. நான் பார்த்ததெல்லாம் பருந்தாத்தான் இருந்துச்சு. எப்படிப் பிரிச்சுப் பார்க்கறது?

முதலில் வாலைப் பாருங்கள் தம்பி. பருந்துக்கு வால் நுனி கவட்டையாகப் பிளந்திருக்கும், பறக்கும்போது அதை அடிக்கடி திருப்பும். பாறுக்கு வால் குட்டை, தலை சிறுத்தது, இறக்கை ஒரு பலகை போல அகலம், நுனி இறகுகள் விரித்த விரல்கள். பத்து நிமிடம் பார்த்தாலும் இறக்கை அடிக்காது. கருங்கழுகும் குழப்பும். அதற்கு வால் நீளம், இறக்கை உடலோடு சேரும் இடத்தில் குறுகியிருக்கும், கால் மஞ்சள்.

சமவெளியில் நின்றால் பாறின் வயிறுதான் தெரியும். இந்த முனையிலோ அது உங்களுக்குக் கீழே பறக்கும், முதுகு தெரியும். கறுத்த இறக்கைகளுக்கு நடுவே, வாலுக்குச் சற்று மேலே, வெள்ளைத் துணி ஒட்டுப்போட்டது போல ஒரு பட்டை தெரிந்தால் வெண்முதுகுப் பாறு. இளம் பறவைக்கு அந்தப் பட்டை இருக்காது. உடல் வெளிறிய பழுப்பாக இருந்தால் கருங்கழுத்துப் பாறு. முன்னது ஆற்றோர நீர்மருது போன்ற உயர்ந்த மரங்களில் கூடு கட்டும், பின்னது செங்குத்துப் பாறை இடுக்கில். இரண்டுமே ஒரு பருவத்தில் ஒரே ஒரு முட்டைதான்.

விடியற்காலையில் தேடாதீர்கள். பாறை சூடேறி வெப்பக்காற்று எழும்பிய பிறகே, 9.30 மணிக்கு மேல், அவை கிளம்பும். 8x42 பைனாக்குலர் போதும். காற்றில் 10x கைநடுக்கத்தைப் பெரிதாக்கிவிடும்.

புளியம்பட்டி, மாடு வளர்ப்பவர்: மாட்டுக்கு ஊசி போட்டா கழுகு சாகும்ங்கறாங்களே, அது எப்படிங்க?

ரொம்ப முக்கியமான கேள்விங்க. வலிக்கும் காய்ச்சலுக்கும் டைக்ளோஃபினாக் போட்ட மாடு ரெண்டு மூணு நாளுக்குள் செத்து, அதைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் செயலிழக்கும். யூரிக் அமிலம் வெளியேறாமல் ஈரல், இதயத்தின் மேல் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகப் படியும். சில நாளில் பறவை விழும். இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 1990-களுக்குப் பிறகு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தது இதனால்தான்.

கால்நடைக்கு அந்த மருந்து 2006-லேயே தடை. மனிதர்களுக்கான பெரிய குப்பி மாட்டுக்குப் போனதால் 2015-ல் குப்பி 3 மி.லி. என்று குறைத்தார்கள். 2023-ல் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் தடையாயின. டாக்டரிடம் மெலாக்சிகாம் கேளுங்கள், பாறுக்குத் தீங்கில்லை. சிறுத்தை அடித்த மாட்டின் மேல் ஆத்திரத்தில் விஷம் தடவுவதும் கூடவே கூடாது. சிறுத்தை வருகிறதோ இல்லையோ, ஒரே சடலத்தில் ஒரு கூட்டமே மடியும். மாயாறு பள்ளத்தாக்கு தென்னிந்தியாவில் பாறுகளுக்கு மிஞ்சியிருக்கும் பெரிய புகலிடம். மலை மேல் நாம் எவ்வளவு காத்தாலும், உங்கள் ஊர்த் தொழுவத்தில் போடுகிற ஊசிதான் அவற்றின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

குன்னூர் ஆசிரியை: பிள்ளைகளைக் கூட்டிப் போறோம். மலைத்தேனீ பயம் உண்டா?

உண்டு. செங்குத்துப் பாறைகளில் அடை அடையாகத் தொங்கும். புகை, கல்லெறி, கடுமையான சென்ட் வாசம் மூன்றும் கூடாது. ஒன்று கொட்டினால் அந்த இடத்திலிருந்து வாழைப்பழ வாசம் போல ஒன்று கிளம்பி மற்றவற்றை அழைக்கும். அதனால் அடித்து நசுக்காமல், முகத்தை மூடிக்கொண்டு வேனுக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். கொடுக்கை நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ ஆஸ்பத்திரிக்குத் தாமதிக்காதீர்கள்.

மேட்டுப்பாளையம் வாசகர்: வெள்ளைக்காரன் மேட்டுப்பாளையம் வழியாத்தானே முதல்ல ஏறினான்?

இல்லை. 1812-ல் அளவையாளர் கீஸும், 1818-ல் விஷ், கிண்டர்ஸ்லியும் ஏறியது தணாயக்கன்கோட்டையிலிருந்து தெனாடு வழியாக, அதாவது இந்தக் கிழக்குச் சரிவில். அவர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் 1819-ல் கோவை கலெக்டர் சல்லிவன் வந்தார். கோத்தகிரி பக்கத்துக் கண்ணேரிமுக்கில் அவர் பங்களா இன்றும் நிற்கிறது. தணாயக்கன்கோட்டை மட்டும் 1955-ல் கட்டி முடிந்த பவானிசாகர் அணைக்குள் போய்விட்டது. முனையிலிருந்து தூரத்தில் வெள்ளித் தகடாய் மின்னும் நீர்தான் அது. கோடையில் நீர் வெகுவாக இறங்கினால் பழைய கோயில் தலைகாட்டும்.

சேலம் வாசகர்: முனையிலிருந்து தெங்குமரஹடாவுக்கு நடந்து இறங்கலாமா?

கூடாது. யானை, புலி நடமாடும் காப்புக்காடு, அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். ஊர் நீலகிரி மாவட்டம்தான், ஆனால் பாதை பவானிசாகர் சுற்றி வந்து மாயாற்றைப் பரிசலில் தாண்டுகிறது.

மதுரை ஆய்வு மாணவர்: கோத்தகிரி பக்கத்துக் கரிக்கையூர் பாறை ஓவியங்களைப் படமெடுக்கணும். எதைக் கவனிக்கணும் ஐயா?

வனத்துறை அனுமதி, கூட ஓர் இருளர் வழிகாட்டி, இரண்டும் கட்டாயம். ஓவியம் பளிச்சென்று தெரியத் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. செய்யவே செய்யாதீர்கள். ஈரம் காயும்போது பாறைக்குள் இருக்கும் உப்பு மேலே வந்து வெள்ளைப் படலமாக நிற்கும், நிறத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். பக்கவாட்டிலிருந்து வெள்ளைத் துணியால் வெயிலைத் திருப்பிவிடுங்கள், அளவுகோலைப் பாறையில் சாய்க்காமல் கையில் பிடியுங்கள். மற்றதைக் கணினியில் நிறம் பிரித்து எடுத்துக்கொள்ளலாம்.