மொட்டை மாடியில் காற்றாலை: வாங்கும் முன் ஒரு கணக்கு

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எப்போதும் காற்று நன்றாக வரும். 1 கிலோவாட் சிறிய காற்றாலை ஒன்றைப் பொருத்தினால் மின்கட்டணம் பாதியாகும் என்று விற்பனையாளர் சொல்கிறார். பெரிய காற்றாலைகளே மெதுவாகத்தானே சுற்றுகின்றன, சிறியது வேகமாகச் சுற்றினால் போதாதா? சுற்றுச்சூழலுக்கும் நல்லதுதானே?

பதில்: இப்போதைக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள். விற்பனையாளர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. '1 கிலோவாட்' எந்தக் காற்றில் கிடைக்கும் என்பதை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

காற்றில் இருக்கும் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு. மூன்று மடங்கானால் 27 மடங்கு. சிறிய காற்றாலைகளின் திறனைப் பெரும்பாலும் நொடிக்கு 11 அல்லது 12 மீட்டர் வேகத்தை வைத்துத்தான் குறிக்கிறார்கள். அது எப்படிப்பட்ட காற்று தெரியுமா? பெரிய மரக்கிளைகள் ஆடும், குடை பிடித்து நடப்பது கஷ்டம். இலைகளும் சிறு குச்சிகளும் விடாமல் அசைகிற இதமான காற்றின் வேகம் நொடிக்கு 4 மீட்டர் அளவில்தான் இருக்கும். மூன்றில் ஒரு பங்கு வேகம், ஆக 27-இல் ஒரு பங்கு மின்சாரம். உங்கள் 1,000 வாட் அங்கே 37 வாட்டாகச் சுருங்கிவிடும். பழைய சீலிங் ஃபேன் ஒன்றை ஓட்டக்கூட அது போதாது. மாடியில் துணி காய்வதற்கு அருமையான காற்றுதான், மின்சாரத்துக்கு அல்ல.

இப்போது பெரிய காற்றாலைக்கு வருவோம். காற்று இறக்கையைப் பின்னாலிருந்து தள்ளுவதால் அது சுற்றுவதில்லை. இறக்கையின் வளைவு விமானச் சிறகைப் போன்றது. காற்று அதைக் கடக்கும்போது இரு பக்கமும் ஏற்படும் அழுத்த வேறுபாடு இறக்கையை ஒரு பக்கமாக இழுக்கிறது. அந்தச் சுழற்சி தண்டின் வழியே கியர்பாக்ஸுக்குப் போய், நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து சுற்று என்பது ஆயிரத்துக்கும் மேலாகி ஜெனரேட்டருக்குள் நுழைகிறது. (கியர்பாக்ஸே இல்லாத வகைகளும் உண்டு.) அங்கே காந்தப் புலமும் கம்பிச் சுருளும் ஒன்றுக்கொன்று நகர்வதால் மின்சாரம் பிறக்கிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே விதிதான்.

மெதுவாகச் சுற்றுவது போலத் தெரிவது கண்ணின் மயக்கம். 100 மீட்டர் விட்டமுள்ள சுழலி (இறக்கைகள் எல்லாம் சேர்ந்து சுற்றும் பகுதி) நிமிடத்துக்கு 15 முறை சுற்றினால், இறக்கையின் நுனி மணிக்கு 280 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது என்று அர்த்தம். நொடிக்கு 10 மீட்டர் காற்று வீசும்போது அந்த வட்டத்தின் பரப்புக்கு வந்து சேர்வது நொடிக்குச் சுமார் 96 டன் காற்று! அதன் ஆற்றலை முழுவதும் பிடிக்க முடியாது. பிடித்தால் காற்று இறக்கைக்குப் பின்னாலேயே நின்றுவிடும், அடுத்த காற்று வர வழியிருக்காது. அதிகபட்சம் 59.3 சதவீதம்தான் முடியும் என்று ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பெர்ட் பெட்ஸ் 1919-இல் கணக்கிட்டுச் சொன்னார். நல்ல பெரிய காற்றாலைகள் 40 சதவீதத்தைத் தாண்டுகின்றன, சிறியவை அதைவிடக் குறைவு.

கோபுரத்தை ஏன் அவ்வளவு உயரமாக நிறுத்துகிறார்கள் என்பதற்கும் மும்மடிக் கணக்குதான் பதில். தரைக்கு அருகே மரமும் கட்டடமும் காற்றைத் தடுக்கின்றன, மேலே போகப் போக வேகம் கூடுகிறது. மாடியும் உயரம்தானே என்பீர்கள். ஆனால் கட்டடத்தில் மோதும் காற்று சுழன்று, கொந்தளித்து, நொடிக்கு நொடி திசை மாறுகிறது. காற்றாலை அதற்கேற்பத் திரும்பித் திரும்பியே தேய்ந்துபோகும், அதிர்வு சுவர் வழியாகப் படுக்கையறை வரை இறங்கும். நிமிர்ந்து நிற்கும் தண்டைச் சுற்றிச் சுழலும் செங்குத்து அச்சு வகைக்குத் திசை பிரச்சினை இல்லை என்று விளம்பரம் செய்வார்கள். அது உண்மைதான். ஆனால் மும்மடிக் கணக்கிலிருந்து அதற்கும் விலக்கு இல்லை.

பிரிட்டனில் 2007 முதல் 2009 வரை நடந்த வார்விக் காற்றுச் சோதனையில் கட்டடங்கள் மீது பொருத்திய 26 சிறு காற்றாலைகளை அளந்து பார்த்தார்கள். நிறுத்தி வைத்திருந்த நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், சராசரியாக ஒரு காற்றாலை ஒரு நாளைக்குக் கால் யூனிட்கூடத் தரவில்லை.

சுற்றுச்சூழல் விஷயத்தில் உங்கள் எண்ணம் சரி, ஆனால் அதுவும் இடத்தைப் பொறுத்தது. உற்பத்தியிலிருந்து கழித்துக்கட்டுவது வரை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி சுமார் 820 கிராம், இயற்கை எரிவாயு 490 கிராம், காற்றாலை 11 முதல் 12 கிராம் கரியமில வாயுவுக்குச் சமமான அளவை வெளியிடுகின்றன. காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. நிபுணர் குழுவின் 2014 அறிக்கை தரும் இடைநிலை மதிப்புகள் இவை. சாம்பல் இல்லை, புகை இல்லை, அனல் மின் நிலையம் போலக் குளிர்விக்கத் தண்ணீரும் வேண்டாம். கோபுரங்களுக்கு இடையே விவசாயம் பண்ணலாம். எஃகுக்கும் கான்கிரீட்டுக்கும் செலவான ஆற்றலை, நல்ல இடத்தில் நிற்கும் பெரிய காற்றாலை ஒரு வருடத்துக்குள் திருப்பித் தந்துவிடும். காற்றில்லாத மாடியில் நிற்பதோ அந்தக் கடனை அடைக்காமலேயே துருப்பிடிக்கக்கூடும்.

குறைகளும் உண்டு. கண்ணாடி இழை இறக்கைகளை மறுசுழற்சி செய்வது இன்னமும் கடினம். பறவைகளும் வௌவால்களும் அடிபடுகின்றன. நார்வேயின் ஸ்மோலா தீவில் நான்கு காற்றாலைகளில் ஒரு இறக்கைக்கு மட்டும் கறுப்பு வர்ணம் அடித்துப் பார்த்தபோது, அங்கே பறவைச் சாவு 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. சிறிய ஆய்வுதான், இருந்தாலும் நம்பிக்கை தருகிறது. வௌவால்கள் பெரும்பாலும் காற்று குறைவான இரவுகளில் பறப்பவை. அந்த நேரம் காற்றாலையை நிறுத்தி வைத்தால் அவை பிழைக்கும், மின்சார இழப்பும் சொற்பம். மும்மடிக் கணக்கு இங்கே மட்டும் நமக்குச் சாதகமாக இருக்கிறது.

சரி, ஆசை விடவில்லை என்றால்? காற்றுமானி ஒன்றை, காற்றாலை நிற்கப்போகும் அதே உயரத்தில் ஒரு வருடம் வைத்து அளந்து பாருங்கள். சராசரியை மட்டும் குறிக்காமல் மணிக்கு மணி பதிவாகிற கருவியாக இருக்கட்டும். பாதி நேரம் நொடிக்கு 2 மீட்டர், பாதி நேரம் 8 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றுக்கும் சராசரி 5 மீட்டர்தான், ஆனால் எப்போதும் ஒரே சீராக 5 மீட்டர் வீசும் காற்றைவிட அதில் இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் உண்டு. ஊருக்கு வெளியே திறந்தவெளி நிலம் இருந்தால், இறக்கை சுற்றும்போது தொடும் மிகத் தாழ்ந்த இடம்கூட, சுற்றிலும் 150 மீட்டர் தூரத்துக்குள் உள்ள மரம், கட்டடம் எல்லாவற்றையும் விட 10 மீட்டராவது உயர்ந்து நிற்கும்படி தனிக் கோபுரம் போடலாம்.

அப்புறம் விற்பனையாளரிடம், "சராசரி நொடிக்கு 5 மீட்டர் காற்றில் இது வருடத்துக்கு எத்தனை யூனிட் தரும்? எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள். தர மறுத்தால் அந்தப் பணத்துக்குச் சூரியத் தகடு வாங்கிவிடுங்கள்.