உங்கள் மரம் சப்போட்டாதானா?

கொல்லையில் நட்ட சப்போட்டா ஒட்டுக்கன்றுக்கு ஐந்து வயது, இரண்டாம் வருடம் நாலு பூ பூத்ததோடு சரி, அப்புறம் காயே இல்லை, என்ன உரம் போடலாம் என்று மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கூடவே, "இலை வேறு இப்போது சின்னதாகிவிட்டது" என்று போகிறபோக்கில் ஒரு வரி. எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது.

உரத்தை விடுங்கள், முதலில் ஒரு இலையைக் கிள்ளிப் பாருங்கள். சப்போட்டா இலை நீள்வட்டமாக, நுனி கூம்பி இருக்கும். நீங்கள் கிள்ளியது நுனிப்பக்கம் அகன்று, சரியாக நுனியின் நடுவில் யாரோ நகத்தால் கிள்ளியதுபோல் உள்வாங்கியிருந்தால் அது சப்போட்டாவே இல்லை, பாலை என்கிற வேறு மரம். பால் வடிவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், இரண்டிலும் வடியும்.

நம் ஊர் நர்சரிகளில் சப்போட்டாவைப் பெரும்பாலும் பாலைச் செடியின் மேல்தான் ஒட்டுக்கட்டுகிறார்கள். பழைய உலக்கைக்கு மரம் கொடுத்த அதே உலக்கைப் பாலை. வறட்சி தாங்கும், வேர் உறுதி, அதனால் தேர்வு சரியானதே. சிக்கல் என்னவென்றால் ஒட்டுக்குக் கீழேயிருந்து அது துளிர்த்துக்கொண்டே இருக்கும், நாமோ செடி செழிக்கிறது என்று சந்தோஷப்பட்டுத் தண்ணீர் ஊற்றுவோம், இரண்டு மூன்று வருடத்தில் மேலே இருந்த சப்போட்டா நலிந்து காணாமலே போய்விடும்.

அடிமரத்தைத் தரையிலிருந்து ஒரு முழம் வரை தடவிப் பாருங்கள், ஒட்டின இடம் புடைத்துத் தெரியும். அதற்கு மேலே சப்போட்டாக் கிளை ஒன்றாவது உயிரோடிருந்தால் பிழைத்தீர்கள். கீழிருந்து வந்த பாலைக் கிளைகளை ஒரே நாளில் மொட்டையடிக்காமல் இரண்டு மூன்று தடவையாக, கிளம்பிய இடத்தோடு ஒட்ட அறுத்துவிடுங்கள், குச்சி மிச்சம் வைத்தால் மறுபடி துளிர்க்கும். அதன்பின் மாதம் ஒருமுறை குனிந்து பார்த்தால் போதும், இளந்துளிரைக் கையாலேயே கிள்ளிவிடலாம்.

இலை எல்லாமே சப்போட்டாதான், ஆனாலும் காயில்லை என்றால் வெயிலையும் ரகத்தையும் பாருங்கள். சுவர் நிழலில் நிற்கும் மரம் காய்க்கத் தயங்கும். கிரிக்கெட் பால் ரகம் பழம் பெரிதே தவிர காய்ப்பு குறைவு, அதுவும் தனிமரமாக நின்றால் இன்னும் மோசம்.

சப்போட்டாப் பகுதி முழுக்கப் போய்விட்டதென்றால் புதுக்கன்றுதான் வழி. வீட்டுக்குப் பெரியகுளத்தின் பி.கே.எம். 1 ரகம் நல்லது, மரம் கைக்கு அடங்கும். நடும்போது ஒட்டு மண்ணிலிருந்து 15 செ.மீ.யாவது மேலே நிற்கட்டும், காற்றில் ஒட்டு பிளக்காமல் குச்சி நட்டுக் கட்டுங்கள். ஒட்டில் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் நாடாவை, இரண்டும் நன்றாகக் கூடியபின், மறக்காமல் அவிழ்த்துவிடுங்கள். அதை விட்டுவைத்துக் கழுத்து நெரிந்த கன்றுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாலையை வெட்ட மனம் வரவில்லையா, இடம் இருந்தால் நிற்கட்டும். என்றாவது சின்னச் சின்னதாக மஞ்சள் பழம் வரும், இலங்கையின் வன்னிப் பக்கம் சீசனில் அதை விற்கவே செய்கிறார்கள். இனிப்புதான், ஆனால் தின்றபின் உதடு பசையாக ஒட்டிக்கொள்ளும்.