பாலும் சீனியும் இல்லாத காப்பி: கேட்டதும் சொன்னதும்

நாகர்கோவிலில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கிறேன். சர்க்கரை நோய் ஒரு பக்கம், பால் பட்டால் வயிறு உப்புவது இன்னொரு பக்கம் என்று ஆறு வருடமாகச் சீனி, பால் இரண்டையும் தொடுவதில்லை. அதனால் இந்த விஷயத்தில் என்னிடம் கேட்கிறவர்கள் அதிகம்; கேட்டவரின் ஊரைக் கேள்விக்கு முன்னால் போட்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, காப்பிக்காரன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

தக்கலை: அண்ணாச்சி, டாக்டர் பாலும் சீனியும் கூடாது என்றுவிட்டார். வீட்டுப் பொடியில் கடுங்காப்பி போட்டால் கஷாயம் மாதிரி இருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடிக்க வேண்டுமா?

முதலில் பொடியை மாற்றுங்கள் அக்கா. உங்களிடம் இருப்பது பாலுக்கென்றே வறுத்த பொடி. பாலையும் சீனியையும் மீறி நாக்குக்குத் தெரிய வேண்டுமே, அதற்காகக் கறுக்க வறுத்துச் சிக்கரியும் கலந்திருப்பார்கள். பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள், எத்தனை சதவீதம் என்று இருக்கும். சிக்கரி கலந்த பொடியில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் சட்டம், அப்படியென்றால் கிட்டத்தட்டப் பாதி சிக்கரியாகவே இருக்கலாம். அது ஒரு செடியின் வேர். அதில் கஃபீன் கிடையாது, டிகாஷனுக்குக் கறுப்பும் கெட்டியும் கொடுக்கும். பாலோடு சேர்ந்தால் ஜோர், தனியாகக் குடித்தால் நீங்கள் சொன்ன கஷாயம்தான்.

கடையில் ‘சிக்கரி வேண்டாம், பிளாண்டேஷன் ஏ அல்லது பீபெரி, நடுத்தர வறுவல், ரவைப் பதத்தில் அரைத்துத் தாருங்கள்’ என்று கேளுங்கள் (பிளாண்டேஷன் ஏ, பீபெரி இரண்டும் கொட்டையின் தரப் பெயர்கள்). 100 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள், அரைத்த பொடி வாசனையைச் சீக்கிரம் விட்டுவிடும்.

அப்புறம் ஃபில்டர் டிகாஷனையும் மறந்துவிடுங்கள், அந்தக் கெட்டியும் பாலுக்காக ஏற்பட்டதுதான். இரண்டு மேசைக்கரண்டி பொடி, அதாவது சுமார் 10 கிராம். 160 மில்லி தண்ணீர். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கி ஒரு நிமிடம் வைத்து, செம்பில் இருக்கிற பொடிமேல் ஊற்றுங்கள். பொடி பழுப்பு நுரையோடு மேலே வந்து மூடி போட்ட மாதிரி நிற்கும். நான்கு நிமிடம் அதைத் தொடாதீர்கள். பிறகு கரண்டியால் லேசாகத் தட்டினால் மூடி உடைந்து பொடி அடியில் இறங்கும், அப்போது எழுகிற வாசனைக்காகத்தான் நான் காலையில் எழுந்திருப்பதே. துணியில் வடிகட்டிக் குடியுங்கள். பொடியைப் போட்டு அடுப்பில் கொதிக்க மட்டும் விடாதீர்கள், காலையில் போட்டதை மாலையில் சுட வைக்கவும் வேண்டாம். இவ்வளவுக்கும் கசந்தால் விரல் நுனியில் ஒட்டுகிற அளவு தூள் உப்பு போடுங்கள். சிரிக்காதீர்கள், உப்பு கசப்பை அமுக்கும்.

மார்த்தாண்டம்: எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து கருப்பட்டிக் காப்பிதான். சீனிதானே கூடாது, கருப்பட்டி போடலாம்தானே?

இந்தக் கேள்வியை வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். பதநீரைக் காய்ச்சித் தண்ணீர் வற்றியபின் மிஞ்சுவது என்ன? பெரும்பகுதி சுக்ரோஸ், சீனியில் இருக்கிற அதே சரக்கு. கொஞ்சம் தாதுச்சத்து உண்டு, மணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் டாக்டர் இனிப்பே கூடாது என்றால் கருப்பட்டியும் கூடாது, உங்கள் ஊர்த் தேனும் கூடாது. நானே முதல் மூன்று மாதம் ‘கருப்பட்டி நல்லதுதானே’ என்று என்னை ஏமாற்றிக்கொண்டேன். ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஏமாறவில்லை. இப்போது நம் மலைக் கிராம்பு ஒன்றும் சுக்குத் துண்டு ஒன்றும் தட்டிப் பொடியோடு போடுகிறேன். இனிப்பு வராது, ஆனால் கருப்பட்டிக் காப்பியின் பாதி நினைவு அந்தச் சுக்கில்தான் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

குளச்சல்: தேங்காய்ப்பால் ஊற்றினால் திரிந்து போகிறது. என்ன தப்பு செய்கிறேன்?

காப்பியில் புளிப்பு உண்டு. அந்தப் புளிப்பும் சூடும் ஒரே நேரத்தில் தாக்கினால் தேங்காய்ப்பால் பிரியும். கையால் பிழிந்த முதல் பால் மூன்று மேசைக்கரண்டி போதும். அதை டம்ளரில் முதலில் விட்டு, காப்பியைக் கொஞ்சம் ஆறவைத்து, கம்பி மாதிரி மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். சூடு ஆறினால் லேசாகத் திரியும், அதற்குள் குடித்துவிடுங்கள். இதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வறுத்த பொடி வாங்கலாம், புளிப்பு குறைவு. அட்டைப்பெட்டியில் வருகிற பாதாம் பால், சோயாப் பால் எல்லாவற்றிலும் சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று முதலில் படியுங்கள்.

நாகர்கோவில்: பேலியோ உணவு முறையில் இருக்கிறேன், பாலும் ஆகாது. நெய்க் காப்பி குடிக்கலாமா?

நெய் பாலிலிருந்து வருவதுதான் மக்கா. பால் அலர்ஜி என்றால் தொடாதே. தேங்காயெண்ணெய் விட்டுக் குடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 120 கலோரி இருப்பதை நினைவில் வைத்துக்கொள். என்னைக் கேட்டால், நல்ல எண்ணெயும் கெட்டது, நல்ல காப்பியும் கெட்டது.

குலசேகரம்: ரப்பர் பால் வெட்டப் போகிறவன். இருட்டோடு எழுந்து வெறும் வயிற்றில் கட்டன் காப்பி (கடுங்காப்பிதான்) குடித்தால் நெஞ்செரிகிறது.

எழுந்தவுடன் வேண்டாம் அண்ணே, இரண்டு மட்டி வாழைப்பழமாவது உள்ளே போகட்டும் (உங்கள் உணவு முறை அனுமதித்தால்). பொடி ரோபஸ்டா ரகமா என்று பாருங்கள். அராபிகா ரகத்தைவிட அதில் கஃபீன் ஏறக்குறைய இரு மடங்கு. இன்னொரு வழியும் இருக்கிறது. ராத்திரி பச்சைத் தண்ணீரில் பொடியை ஊறப் போட்டு மூடி வையுங்கள், விடியுமுன் வடிகட்டினால் போதும். புளிப்பும் கசப்பும் நன்றாகக் குறையும், சூடு வேண்டுமென்றால் வெந்நீர் கலந்துகொள்ளுங்கள். அப்படியும் எரிந்தால் காப்பியை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

முட்டம்: தைராய்டு மாத்திரையோடு கடுங்காப்பி?

மாத்திரையை வெறும் தண்ணீரில் போடுங்கள், காப்பிக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். பாலில்லாத காப்பி என்றாலும் மருந்து உடம்பில் சேருவதைக் குறைக்கும். வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்கும் இதே கதை, தண்ணீர் மட்டும்தான்.

கோட்டாறு: தவக்காலத்துக்காகப் பாலும் சீனியும் விட்டேன். பத்து நாள் ஆயிற்று, இன்னும் பிடிக்கவில்லை.

எனக்கு மூன்றாவது வாரம்தான் பிடித்தது மக்ளே. ஒரேயடியாக விட்டதால் நாக்கு இன்னும் சீனியைத் தேடுகிறது. ஈஸ்டர் அன்றைக்குப் பழைய அளவில் சீனி போட்டு ஒரு வாய் குடித்துப் பார், பாயசம் மாதிரி இருக்கும்.

தோவாளை: வெளியே கடையில் எப்படிக் கேட்பது?

‘கட்டன்’ என்று மட்டும் சொன்னால் சீனி தானாக விழும். ‘சீனி போடாமல்’ என்பதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் காப்பி என்று சொல்லுங்கள். பாக்கெட் பொடியை வெந்நீரில் கலக்குகிற கடையில் அது பாலும் சீனியும் சேர்ந்த பொடியா என்று கேட்டுவிடுங்கள், நான் கேட்காமல் குடித்து ஒரு பஸ் பயணம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவன். பால் அலர்ஜி இருப்பவர்கள் கரண்டியையும் கவனியுங்கள், பால் சட்டியில் கிடந்த அதே கரண்டிதான் உங்கள் டம்ளருக்கும் வரும். நான் இப்போது பையில் ஒரு சின்ன டப்பாவில் பொடி வைத்திருக்கிறேன். வெந்நீர் மட்டும் கேட்டால் மாஸ்டர் ஒரு மாதிரி பார்ப்பார், ஆனால் தருவார்.